எட்டாம் நம்பர் காற்றாடியும் ஒரு டிகிரியும்

போன மாதம் முத்துச்செல்வி என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர் அவள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவள். இப்போதெல்லாம் இறக்கையைப் பார்க்க யாரும் கயிற்றில் தொங்க வேண்டியதில்லை. டிரோனைப் பறக்கவிட்டால் அது போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. படத்தில் இறக்கையின் முன்விளிம்பு நெடுகக் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "சார், இது பெயின்ட் உரிஞ்சதா, வெடிப்பா? கம்ப்யூட்டர் ரெண்டும் இல்லைங்குது" என்று கேட்டிருந்தாள்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காற்று சீசன் முழுக்க ஆயிற்று. அதற்குள் ஒரு ஜெனரேட்டர் எரிந்தது, ஒருவனுடைய வேலை போகப் பார்த்தது. முத்துச்செல்விக்கு ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அது என்ன வார்த்தை என்பதைப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு எப்படிப் பார்த்தவுடன் தெரிந்தது என்று அவள் விடாமல் கேட்டாள். அதைப் போனில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

எனக்குச் சொந்த ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்துவிட்டு, கடலோரத்தில் ஒரு எரிவாயு மின்நிலையத்தில் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எட்டு வருடம். கேஸ் டர்பைன் என்றதும் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று பயந்துகொண்டுதான் போனேன். பார்த்தால் விஷயம் எளிது. நீளமான ஒரே தண்டு. அதன் முன்பக்கம் வரிசை வரிசையாகச் சின்ன இறக்கைகள். அவை காற்றை இழுத்து அமுக்கி உள்ளே தள்ளும். அந்தப் பகுதிக்குக் கம்ப்ரஸர் என்று பெயர். நடுவில் வாயு எரியும். சூடாகி விரிந்த காற்று பின்பக்கத்து இறக்கைகளைச் சுற்றிவிட்டு வெளியே போகும். பின்பக்கம் உண்டாகிற சக்தியில் பாதிக்கு மேல் முன்பக்கத்துக் கம்ப்ரஸரைச் சுற்றுவதற்கே செலவாகிவிடும். மிச்சம்தான் மின்சாரம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பாதிப்பதில் பாதியைச் சம்பாதிக்கப் போகிற வழியிலேயே செலவழிக்கிற மிஷின்.

அங்கே எனக்குப் பிடித்த வேலை கம்ப்ரஸரைக் கழுவுவது. வடிகட்டிக்குத் தப்பி வந்த உப்பும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் முன்வரிசை இறக்கைகளில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். ஆனால் மின்சாரம் சொல்லிவைத்த மாதிரி இறங்கும். நெருப்பை அணைத்து, மிஷினை மெதுவாகச் சுற்றவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி ஊறவைப்போம். பிறகு நல்ல தண்ணீர். அடியில் குழாயைத் திறந்தால் கறுப்பாக வடியும். கழுவி மறுபடி ஓட்டினால் அதே வாயுவுக்குக் கூடுதல் மின்சாரம் வரும். இறக்கையின் மேல்தோல் வழவழப்பாக இருந்தால்தான் காற்று அதை ஒட்டி ஓடும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். எட்டு வருடம் என் கையாலேயே கழுவினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

கல்யாணமான பிறகு ஊர்ப்பக்கம் வந்தால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே ஒரு தனியார் கம்பெனி காற்றாடிகளை நிறுத்திக்கொண்டிருந்தது. கேஸ் டர்பைன் பார்த்தவன் என்றதும் உடனே எடுத்துச் சூப்பர்வைசராகவும் ஆக்கிவிட்டார்கள். தென்காசியிலிருந்து கீழப்பாவூர்ப் பக்கம் வரைக்கும் ஒன்பது காற்றாடிகள். வரிசை எண்தான் அவற்றுக்குப் பெயர். ஒன்றாம் நம்பர் மலையைப் பார்த்து, ஒன்பதாம் நம்பர் கிழக்குக் கடைசி.

இந்தக் காற்றைப் பற்றி எனக்கு ஆச்சரியம் தீர்ந்ததே இல்லை. வைகாசி பிறந்தால் கணவாய் வழியாகப் புகுந்து வருகிறது. குற்றாலத்தில் அருவி கொட்டும், சாரல் தூறும், மேலகரத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அதே காற்று பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே வந்தால் ஈரத்தை எல்லாம் மலையில் விட்டுவிட்டுப் புழுதியை வாரி இறைக்கும். என் வீட்டில் ஸ்வெட்டரைத் தேடுகிற நாளில் ஒன்பதாம் நம்பருக்கு அடியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்க முடியும். எப்போதாவது ஒருநாள் சாரல் வழிதவறி அதுவரை வரும்.

காற்று இறக்கையைத் தள்ளிச் சுற்றுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே, கண்டக்டர் பார்க்காதபோது, உள்ளங்கையைக் கொஞ்சமாகச் சாய்த்து நீட்டிப் பாருங்கள். கை மேலே எழும்பும். இறக்கையின் ஒரு பக்கம் உப்பலாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கிறது. உப்பல் பக்கத்தில் காற்று வேகமாக ஓடுகிறது, அழுத்தம் குறைகிறது, இறக்கை அந்தப் பக்கமாக இழுபடுகிறது. இனி கையை இன்னும் சாய்த்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கல் சட்டென்று போய்விடும். காற்று கையை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

எங்களுடைய பழைய காற்றாடிகளுக்குப் பிரேக் மாதிரி இருந்ததே இந்தப் பிய்ப்புதான். இப்போது வருகிற பெரிய மிஷின்கள் காற்றுக்குத் தக்கபடி இறக்கையைத் தாமே திருப்பிக்கொள்ளும். எங்களுடையது அப்படி இல்லை. இறக்கையை ஒரு கோணத்தில் வைத்து போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் அவ்வளவுதான். காற்று அளவுக்கு மீறி அடித்தால் இறக்கையின் முதுகில் காற்று பிய்ந்து, தூக்கல் குறைந்து, மிஷின் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். அதனால் அந்தக் கோணம் உயிர்நாடி. ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் மிஷினின் குணமே மாறிவிடும். அதைத் தொடுவதென்றால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், நோட்டில் எழுத வேண்டும்.

மேலதிகாரி சுப்பையா சார். ராணுவத்தின் பட்டறையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். சத்தம் போட்டதே இல்லை. உட்கார்ந்தும் பார்த்ததில்லை. நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார், மிஷினைப் பார்த்தபடி நின்றுதான் கேட்பார். மிஷின் என்ன சொல்கிறது, இவன் என்ன சொல்கிறான் என்று ஒத்துப் பார்க்கிறாரோ என்று எங்களுக்குள் கிண்டல் செய்வோம். எந்தப் பழுதானாலும் மூன்றே கேள்வி. "என்ன பாத்தே? என்ன செஞ்சே? என்ன பாக்கலை?" மூன்றாவது கேள்வியில்தான் எல்லாரும் மாட்டுவோம். நடுவில் யாராவது "நான் என்ன நெனைக்கேன்னா சார்" என்று ஆரம்பித்தால் போதும். "நெனச்சத வீட்டுல போயி உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவதான் கேட்டாகணும்" என்பார்.

இனி மைதீன். எட்டாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் அவன் ஆபரேட்டர். கோபுரத்துக்கு அடியில் உள்ள பேனலைக் கவனிப்பது, மணிக்கு ஒருமுறை காற்று வேகத்தையும் லோடையும், அதாவது எவ்வளவு மின்சாரம் வருகிறது என்பதையும், எழுதுவது, மாதம் ஒருமுறை மேலே ஏறி கிரீஸ் வைப்பது. முப்பது வயது இருக்கும். ஆறு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, கல்யாணம் செய்து, அப்போதுதான் ஒரு பெண் குழந்தை. "இனிமே அங்கன போகமாட்டேன் அண்ணாச்சி. எங்க வாப்பா மூஞ்ச நான் போட்டோவுல பாத்துத்தான் வளந்தேன். எம் புள்ளைக்கும் அதே கதி ஆகக்கூடாது" என்பான். இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தவன் நான்தான்.

அந்தச் சீசனில் எட்டாம் நம்பர் என் மானத்தை வாங்கியது. மெல்லிய காற்றில் ஒழுங்காக ஓடும். பலத்த காற்று வந்ததும் மற்ற மிஷின்கள் முழு லோடுக்குப் போக, இது பாதி வழியிலேயே படுத்துக்கொள்ளும். அதுவும் தினமும் இல்லை. ஒருநாள் முழு லோடு போகும், நாலு நாள் கழித்து அதே காற்றில் முக்கால்கூட வராது. ஒன்பதாம் நம்பரும் கொஞ்சம் சோம்பல்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. நான் காற்றளவுக் கருவியை மாற்றினேன். கேபிளைச் சோதித்தேன். கியர் எண்ணெயைப் பார்த்தேன். கோபுரத்து உச்சிப் பெட்டி காற்றைப் பார்த்துச் சரியாகத் திரும்புகிறதா என்று நாள் முழுக்க நின்று பார்த்தேன். எல்லாம் சரி. ஒரே காற்றுக்கு இரண்டு கணக்கு சொல்லும் மிஷினை அதுவரை நான் கண்டதில்லை. சாப்பிடும்போதுகூட அதே யோசனை. எரிச்சல் பாதி, ஆர்வம் பாதி.

ஒருநாள் மதியம் மைதீன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லுலே."

"சாரல் இங்கன வரைக்கும் வந்துட்டுப் போன மறுநாள் எட்டாம் நம்பர் நல்லா ஓடுது. நாலஞ்சு நாள் காஞ்சா மறுபடியும் சுணங்குது. மூணு தடவை பாத்துட்டேன்."

"ஏலே, அது என்ன முருங்கையா, மழை பேஞ்சா தழைக்கதுக்கு?"

பக்கத்தில் இருந்த எலெக்ட்ரீஷியன் சிரித்தான். மைதீனும் சிரித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டான். மழைக்குப் பிறகு காற்று ஒரே சீராக வரும், அதுதான் காரணம் என்று நான் ஒரு விளக்கமும் கொடுத்தேன். விளக்கம் சொல்வதில் எனக்கு எப்போதும் குறைச்சல் இல்லை.

அதற்கடுத்த வாரம் சுப்பையா சார் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் போனார். இறக்கை போல்ட்டுகளை இறுக்குவதற்காக வெளியூரிலிருந்து இரண்டு ஒப்பந்த ஃபிட்டர்கள் வந்திருந்தார்கள். எட்டாம் நம்பரின் ஹப்புக்குள் அவர்களோடு நிற்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஹப் என்பது மூன்று இறக்கைகளும் வந்து சேரும் இரும்புக் குடம். பலத்த காற்றில்தான் லோடு வரவில்லை. அப்படியென்றால் காற்று சீக்கிரமே பிய்ந்துவிடுகிறது. இறக்கையை ஒரு டிகிரி காற்றை நோக்கித் திருப்பினால் பிய்வது தள்ளிப்போகும். கணக்கு சரிதானே? மூன்று இறக்கைகளையும் ஒரு டிகிரி திருப்பி இறுக்கச் சொன்னேன். சார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று அவர்களிடம் ஒரு பொய்யும் சொன்னேன்.

நோட்டில் எழுதவில்லை. பலித்தால் எழுதலாம் என்று நினைத்தேன். பலித்தது. மறுநாளே எட்டாம் நம்பர் முழு லோடைத் தொட்டது. அப்புறம் எழுதினால் அனுமதி இல்லாமல் செய்ததும் தெரிந்துவிடுமே என்று அப்படியே விட்டேன். சார் திரும்பி வந்து நோட்டைப் பார்த்து, "எட்டு எப்பிடித் தெளிஞ்சுது?" என்று கேட்டார். "போல்ட் இறுக்குனப்புறம் நல்லா ஓடுது சார்" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய்.

மூன்று வாரம் மழையே இல்லை. பிறகு ஒருநாள் காலையில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சாரல் எங்கள் கடைசி மிஷினையும் தாண்டிக் கிழக்கே போனது. பின்னாலேயே காற்று. நான் இரண்டாம் நம்பரில் இருந்தேன். பதினோரு மணிக்கு மைதீன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, எட்டுல லோடு ஏறிக்கிட்டே போவுது. முழு லோடயும் தாண்டிட்டு. ஜெனரேட்டர் சூடுன்னு அலாரம் அடிச்சு தானா நின்னுட்டு."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் மிஷின் எல்லாவற்றையும் முந்துகிறது. "சீசன் காத்துலே, சூடாகத்தான் செய்யும். ஆறுனதும் ரீசெட் போட்டு ஓட்டு" என்றேன். அரைமணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை, "அண்ணாச்சி, எனக்குச் சரியாப் படல" என்றான். "நான் சொல்லுதேன்ல" என்று போனை வைத்தேன். நாலாவது தடவை அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "அவசர ஸ்டாப் அமுக்கிட்டேன். மேல பொகை வருது" என்றான்.

நெருப்பு பரவவில்லை. அவன் அமுக்கியதால்தான் பரவவில்லை. ஆனால் ஜெனரேட்டரின் உள்சுருள் எரிந்துபோயிற்று. சீசன் நடுவில் மிஷின் முடங்கியது. மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பேனலில் எல்லாம் பதிவாகியிருந்தது. சூட்டு அலாரம், கையால் ரீசெட். மறுபடி அலாரம், மறுபடி ரீசெட். மூன்று தடவை. அதிகாரி அந்தத் தாளை மைதீன் முன்னால் வைத்தார். நான் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன்.

"ரீசெட் போடச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

மைதீன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவன், "நானாத்தான் போட்டேன் சார்" என்றான்.

இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. பயம்தான். வேறொன்றும் இல்லை. ரீசெட்டை ஒப்புக்கொண்டால் லோடு ஏன் ஏறியது என்று கேட்பார்கள், அப்புறம் அந்த ஒரு டிகிரி வெளியே வரும் என்ற பயம். மைதீனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பதினைந்து நாளுக்குள் வேலைநீக்கக் கடிதம் வரும் என்று பேசிக்கொண்டார்கள். அவன் தென்காசியில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான் என்று எலெக்ட்ரீஷியன் வந்து சொன்னான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் குற்ற உணர்ச்சி ஒருபக்கம் அரித்தாலும் இன்னொரு பக்கம் மூளை சும்மா இருக்கவில்லை. ஒரு டிகிரி திருப்பி மூன்று வாரம் ஒழுங்காக ஓடிய மிஷின், சாரல் பெய்த அன்று மட்டும் ஏன் வெறிபிடித்த மாதிரி லோடு எடுத்தது? மைதீன் சொன்ன மழை அப்போதுதான் என் தலையில் மறுபடி ஏறியது.

சுப்பையா சார் என்னை ஒன்பதாம் நம்பருக்கு அடியில் நிறுத்தி, வழக்கம்போல் மிஷினைப் பார்த்தபடி கேட்டார்.

"எட்டுல சீசன் பூரா என்ன பாத்தே?"

சொன்னேன்.

"என்ன பாக்கலை?"

யோசித்தேன். "இறக்கைய சார். கிட்டப் போயி பாக்கல. கீழ நின்னு பைனாகுலர்ல பாத்ததோட சரி."

"அப்பப் போயி பாரு. எட்டு மழையில நனஞ்சு நிக்கி, அதுல ஒண்ணும் இருக்காது. இது ஓடிக்கிட்டிருக்க மிஷின். இதப் பாரு."

ஒன்பதாம் நம்பரை நிறுத்தி, ஓர் இறக்கை நேர் கீழே தொங்கும்படி சுழற்சியைப் பூட்டினோம். மேலே உள்ள பெட்டியிலிருந்து பெல்ட்டும் இரட்டைக் கயிறும் கட்டி என்னை இறக்கினார்கள். மழை பெய்து அதற்குள் ஒரு வாரம் ஆகியிருந்தது. இறக்கையின் தட்டைப் பக்கம் பளபளவென்று இருந்தது. உப்பல் பக்கமும் அப்படியே. காற்றை முதலில் வெட்டுகிற முன்விளிம்புக்குக் கையைக் கொண்டுபோனேன். உப்புத்தாளைத் தொட்ட மாதிரி சொரசொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். சிறகுத் துண்டு, கால், காய்ந்த மஞ்சள் பிசின்.

பூச்சி. முத்துச்செல்விக்கு நான் போட்ட பதில் இதுதான்.

கீழே குனிந்து பார்த்தேன். குளம். எட்டாம் நம்பர் குளத்தின் கரையிலேயே நிற்கிறது, ஒன்பது கொஞ்சம் தள்ளி மறுகரையில். காற்று பலமாக இருக்கும்போது பூச்சி பறக்காது. சாயங்காலம் காற்று தணிந்து, காற்றாடி மெதுவாக ஓடும் நேரத்தில்தான் குளத்திலிருந்து கூட்டமாகக் கிளம்பும். முன்விளிம்பில் மோதி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய காற்றில் அதனால் ஒன்றும் தெரியாது. மறுநாள் பலத்த காற்று வரும்போது சொரசொரப்பில் தடுக்கி, காற்று முன்கூட்டியே பிய்ந்துவிடும். லோடு குறையும். சாரல் வந்து கழுவிவிட்டால் மறுபடி ஒழுங்காக ஓடும். ஒரே காற்றுக்கு இரண்டு கணக்கு. அழுக்கு இறக்கைக்கு ஏற்றபடி நான் கோணத்தை மாற்றிவிட்டேன். மழை இறக்கையைக் கழுவியதும் மிஷின் தன்னை அடக்கிக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டது.

கயிற்றில் தொங்கிக்கொண்டே சிரித்தேன். அவ்வளவு அழகாகப் பொருந்தியது. எட்டு வருடம் கம்ப்ரஸர் கழுவிய கை இது. அங்கே அடைபட்ட அறைக்குள் விரல்நீள இறக்கை, இங்கே வானத்தில் தென்னை உயர இறக்கை. இரண்டும் ஒரே சங்கதி என்று எனக்கு உறைக்கவில்லை. கழுவ வேண்டிய இடத்தில் திருப்பியிருக்கிறேன். சிரிப்பு அடங்கியதும் மைதீனின் முகம் ஞாபகம் வந்தது. அவன் மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னானே.

இறங்கி பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். கழற்றினால் தைரியமும் கழன்றுவிடும் என்று தோன்றியது. பூச்சியைச் சொன்னேன். ஒரு டிகிரியைச் சொன்னேன். நோட்டில் எழுதாததைச் சொன்னேன். சார் மிஷினைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரீசெட்டு போடச் சொன்னதும் நீதானா?"

"ஆமா சார்."

"மைதீன் சொல்லலையே."

"நானும் சொல்லல சார்."

சார் மிஷினை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு கேள்விக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போடு. நான் அனுப்புதேன்" என்று மட்டும் சொன்னார். பேனல் அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன்.

மைதீன்மேல் எடுத்த நடவடிக்கை ரத்தாயிற்று. என்னைச் சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து இறக்கி மறுபடியும் ஃபிட்டராக்கினார்கள். எட்டாம் நம்பரின் இறக்கைகளைப் பழைய கோணத்துக்கே திருப்பினோம். அதன்பிறகு காய்ந்த நாட்களில் தண்ணீர் லாரியும் பம்பும் கொண்டுவந்து இறக்கைகளைக் கழுவுவது எங்களுடைய வழக்கமாயிற்று.

ரத்துக் கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தென்காசியில் அவன் வீடு. அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மைதீன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தான். நான் நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு டிகிரிக்கு வந்தபோது அவன் குறுக்கே பேசினான்.

"அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"எப்பிடிலே?"

"கிரீஸ் வைக்க ஏறுனேன்லா. இறக்கைக்கும் ஹப்புக்கும் குறுக்க ஒரு வெள்ளக்கோடு போட்டிருப்போமே, அது மூணுலயும் வெலகி இருந்துச்சு. பக்கத்துல புதுக்கோடு."

"ஏன் அப்பவே சாருட்ட சொல்லல?"

"நீங்க செஞ்சா காரணம் இருக்கும்னு நெனச்சேன். விசாரணையிலயும் நீங்களே சொல்லுவியன்னு நெனச்சேன்."

அவன் மனைவி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? பத்து நாளா இவுக ஒழுங்காச் சோறு திங்கல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் மைதீன் போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்தான். மறுநாள் வேலைக்கு வந்தான்.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவன் என்மேல் கோபமாக இருந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று மிட்டாயை முதலில் எனக்குத்தான் நீட்டினான். ஆனால் ஹப்புக்குள் நான் வேலை பார்த்து இறங்கிய எந்த மிஷினையும் அவன் உடனே ஓடவிட்டதில்லை. "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று பெல்ட்டை மாட்டுவான். ஏணியில் ஏறி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஸ்விட்சில் கைவைப்பான். மற்ற ஃபிட்டர்கள் வேலை பார்த்தால் ஏறமாட்டான். எனக்கு மட்டும்தான். அவன் செய்தது சரி. அது சரி என்று தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கி வரும்வரை கீழே நின்றேன்.

நான் ஓய்வு பெற்ற அன்றும் ஐந்தாம் நம்பரில் ஒரு வேலை இருந்தது. மாலை, டீ, வடை எல்லாம் கீழே தயாராக இருந்தது. நான் வேலையை முடித்து இறங்கினேன். மைதீன் பெல்ட்டை எடுத்தான். இன்றைக்காவது ஏறமாட்டான் என்று நான் ஆசைப்பட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. அவன் ஏறினான். வடை ஆறிப்போகும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஏணிக்கு அடியில் நின்றேன்.

இறங்கி வந்து, நோட்டில் எழுதி, மிஷினைப் போட்டான். இறக்கை சுற்ற ஆரம்பித்ததும் என்னிடம் வந்தான்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி."

எனக்குத் தெரியும்லே என்று சொல்ல வாயெடுத்தேன். அவனிடம் அப்படிச் சொல்கிற உரிமையை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னேன்.